கை வைக்காத சாரி

லிஃப்ட் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் நீங்கள் தும்மலாம், கொட்டாவி விடலாம், ஆத்திரம் பொறுக்கவில்லை என்றால் மைக்கை அணைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்யலாம். ‘சாரி’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் சீட்டுக் கிழிந்தது.

எங்காவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர் மஞ்சள் பொத்தானை அழுத்தினால் அந்தக் குரல் நேராக இந்த அறைக்குத்தான் வரும். இங்கே வரிசையாகப் பெண்கள் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார்கள். மெக்கானிக் போய்ச் சேரும்வரை மாட்டிக்கொண்டவரிடம் பேசிக்கொண்டிருப்பது அவர்கள் வேலை. பேசுவது எல்லாம் பதிவாகும். அவர்கள் முதுகுக்குப் பின்னால் ரப்பர் செருப்போடு சத்தமே இல்லாமல் உலாத்துகிறவர் சூப்பர்வைசர். அவருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் சைலன்சர்.

“சாரின்னு ஒரு தடவ வாயில வந்துடுச்சுன்னா, தப்பு நம்ம மேலதான்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி,” என்பார் சைலன்சர். “நாளைக்கு கோர்ட்ல டேப்பைப் போட்டுக் காட்டுவான். ‘உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது’ன்னு சொல்லுங்க. அதை வெச்சு எவனும் நம்மள ஒண்ணும் பண்ண முடியாது.”

மற்ற பெண்கள் இந்தத் தடையால் நாக்கைக் கடித்துக்கொண்டு திண்டாடினார்கள். மூன்றாம் மேசையில் இருந்தவளுக்கு மட்டும் ஒரு கஷ்டமும் இல்லை. அந்தச் சொல்லை வாரி இறைக்கிற வீட்டில் அவள் வளரவில்லை.

அவளுடைய அப்பா டியூட்டோரியலில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். மனுஷருக்கு ஒரு பைத்தியம். எந்த ஆங்கிலச் சொல் காதில் விழுந்தாலும் அது எந்த வீட்டில் பிறந்தது, யாரோடு சேர்ந்து கெட்டுப்போனது என்று துருவ ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் அவளுடைய அண்ணன் அவள் கலர் பென்சில்களை எல்லாம் உடைத்துப் போட்டுவிட்டு, போகிற போக்கில் ஒரு ‘சாரி’யை வீசிவிட்டுப் போனான். அப்பா அவன் காலரைப் பிடித்து இழுத்தார்.

“எங்க?”

“என்னது எங்க?”

“சாரின்னியேடா. எங்க வலிக்குது?”

பையன் திருதிருவென்று விழித்தான். அப்பாவுக்கு அது போதாதா! ஆரம்பித்துவிட்டார். சாரியைப் பார்த்தால் துக்கத்தைக் குறிக்கிற ‘சாரோ’வின் கூடப்பிறந்தது மாதிரி இருக்கும், நம்பிவிடாதே, இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். இது ‘சோர்’ வீட்டுப் பிள்ளை. சோர் என்றால் புண், வலி. அந்தக் காலத்தில் ஒருத்தன் இதைச் சொன்னால் அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, எனக்கு வலிக்கிறது என்றுதான் சொன்னான். மன்னிப்புக் கேட்பதெல்லாம் அது பிற்பாடு கற்றுக்கொண்ட வேலை. அதற்கப்புறம் பிடித்தது சனி. பஸ்ஸில் தோள் இடித்தால் சாரி, காதில் விழாவிட்டால் சாரி, உதவி கேட்டு வந்தவனிடம் கையை விரிப்பதற்கு முன்னால் ஒரு சாரி, சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு சாரி.

“தேய்ச்சுத் தேய்ச்சு, இப்ப அதுல வலியே இல்லடா,” என்றார் அப்பா. “நம்ம வீட்லயாவது இருக்கட்டும்.”

அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டம். ஒருவர் சாரி சொன்னால் மற்றவர் ‘எங்க?’ என்று கேட்க வேண்டும். சொன்னவர் தன் உடம்பில் எங்கே வலிக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். வேறு எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், இதில் கூடாது. கேட்டவர் அந்த இடத்தில் உள்ளங்கையை வைக்க வேண்டும். வைத்துவிட்டால் விவகாரம் முடிந்தது, அப்புறம் யாரும் அதைக் கிளறக் கூடாது. கை வைக்காத சாரி செல்லாது. அம்மா பாலைப் பொங்கவிட்டுவிட்டு, “சாரிங்க, முட்டியில” என்பாள். அப்பா பயபக்தியோடு முட்டியில் கை வைப்பார். அது பாலுக்காக வந்த வலி இல்லை, நிஜமான முட்டி வலிதான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அண்ணன் மட்டும் அபூர்வமாகத்தான் சாரி சொல்வான். சரியான கல்லுளிமங்கன். பள்ளிக்கூடத்தில் மணிக்கட்டு முறிந்து வந்தவன், யாருக்கும் தெரியாமல் இடது கையால் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். கை பூசணிக்காயாக வீங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கேட்டால், “ஒண்ணும் பண்ணல” என்பான். தலை துண்டாகக் கிடந்தாலும் அந்தத் தலை அதைத்தான் சொல்லும்.

அந்தக் குணம்தான் அண்ணனையும் தங்கையையும் பிரித்தது. அவள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. போனில் கேட்டபோதெல்லாம், “சாதாரணக் காய்ச்சல்தான், நீ பரீட்சையைப் பாரு” என்றான் அண்ணன். அவள் பரீட்சையைப் பார்த்தாள். வந்து சேர்ந்தபோது அப்பாவைப் பார்க்க முடியவில்லை, எல்லாம் முடிந்திருந்தது. அவள் கத்தாத கத்தல் இல்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டதால் நடுவில் நின்று சமாதானம் சொல்லவும் ஆள் இல்லை. ஒரு வாரம் கழித்து அண்ணன் போனில் ஒரே ஒரு சொல் அனுப்பினான்: சாரி. அவள், ‘எங்க?’ என்று பதில் அனுப்பினாள். அதற்குப் பதில் வரவே இல்லை. அதோடு பேச்சு நின்றது. வருஷங்கள் ஓடிவிட்டன.

அன்று மத்தியானம் மூன்றாம் மேசையில் மணி அடித்தது. திரையில் கட்டடத்தின் பெயரை அவள் இரண்டு தடவை படித்தாள். அது அவள் குடியிருக்கிற கட்டடம்.

படிக்காமல் என்ன செய்வாள்! கம்பெனியில் ஒரு விதி உண்டு. ஒரே வாரத்தில் ஒரு லிஃப்டின் கதவைப் பற்றி இரண்டு புகார் வந்தால், மெக்கானிக் வந்து பார்க்கும்வரை அந்த லிஃப்டை நிறுத்திவிட வேண்டும். புகார்களும் இந்த மேசைகளுக்குத்தான் வரும், முதல் புகாரை வேறொருத்தி எழுதியிருந்தாள். இரண்டாவது புகாரை எடுத்தவள் அவளேதான். கூப்பிட்டது கீழ்வீட்டு அம்மாள், குரல்கூடத் தெரிந்த குரல். எழுதினால் லிஃப்ட் நிற்கும், ஏழு மாடியும் காலால் ஏற வேண்டும், கம்பெனிக்காரி இருந்தும் இந்த லட்சணம் என்று அக்கம்பக்கம் அவளைத்தான் பிய்த்துத் தின்னும். “நான் பாத்துக்கறேங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, எழுதாமல் விட்டாள். திங்கட்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டாள்.

“வணக்கம். பதற வேண்டாம், நாங்க உங்களோட லைன்லதான் இருக்கோம்,” என்றாள் வழக்கம்போல. “உள்ள எத்தன பேர் இருக்கீங்க?”

“ஒருத்தன்தாங்க.”

எத்தனை வருஷம் ஆனாலென்ன, அந்தக் குரல் மறக்குமா?

“அண்ணா?”

லிஃப்டின் காற்றாடிச் சத்தத்துக்கு மேலே குரல் உயர்ந்தது. “குட்டி? நீயா?”

“நீ அங்க என்ன பண்ற?”

“சும்மாதான். இந்தப் பக்கம் வந்தேன்.”

இந்தப் பக்கமாம்! ஊரின் இன்னொரு கோடியில் இருக்கிறவன். பஸ் மாறி பஸ் ஏறி வந்தால்தான் இந்தப் பக்கமே வரும்.

“மூச்சு வாங்குற மாதிரி இருக்கே.”

“ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். நீ உன் வேலையப் பாரு.”

அவள் திரையைப் பார்த்தாள். ஒருவர், பதற்றம் இல்லை, நலமாக இருக்கிறேன் என்கிறார். திரை அதற்குப் பச்சை நிறம் போட்டது. பச்சை என்றால் மெக்கானிக் கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு ஆற அமர வருவான். அவன் அப்போது நாலைந்து தெரு தள்ளி வேறொரு லிஃப்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். சிவப்புப் போட்டால்தான் போட்டது போட்டபடி ஓடிவருவான். ஆனால் சிவப்பை அவள் இஷ்டத்துக்குப் போட முடியாது. உள்ளே இருப்பவர் தனக்கு என்ன செய்கிறது என்று தன் வாயால் சொல்லியிருக்க வேண்டும், அது பதிவாகியிருக்க வேண்டும். ஊரிலேயே வாயைத் திறக்காத ஒருத்தன் உள்ளே இருக்கும்போதா இந்த விதி வந்து நிற்க வேண்டும்!

“நின்னுட்டு இருக்கியா?” என்று கேட்டாள்.

“உக்காந்துட்டேன்.”

“தரையிலயா?”

“ம்.”

அவளுக்குச் சுரீரென்றது. பஸ்ஸில் சீட்டு காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவருகிறவன். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான் என்றால் சாதாரண விஷயம் இல்லை.

“வேர்க்குதா?”

“உள்ள புழுக்கம். வேர்க்காதா பின்ன?”

பக்கத்து மேசைக்காரியைப் பார்த்து அவள், ‘ஆம்புலன்ஸ்’ என்று உதட்டை அசைத்தாள். அந்தப் பெண் கெட்டிக்காரி, ஏன் எதற்கு என்று கேட்காமல் போனை எடுத்தாள். ஆனால் ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்று என்ன பிரயோசனம்? மாடிக்கும் மாடிக்கும் நடுவில் தொங்குகிற பெட்டியை அவர்களா திறப்பார்கள்?

ரப்பர் செருப்பு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. “தெரிஞ்சவரா?” என்றார் சைலன்சர். “அப்படின்னா லைனை வேற மேசைக்கு மாத்து. அதான் முறை.”

“மாட்டேன் சார். எங்க அண்ணன் சார். சிவப்புப் போடணும்.”

“அவர் ஏதாவது சொன்னாரா?”

“சொல்ல மாட்டாரு. எனக்குத் தெரியும்.”

“உனக்குத் தெரிஞ்சா ஆச்சாம்மா? மெக்கானிக் இப்ப பாத்துக்கிட்டிருக்கிற லிஃப்ட்லயும் ரெண்டு பேர் மாட்டியிருக்காங்க. அவங்களப் பாதியில விட்டுட்டு வரச் சொல்லணும்னா, இவரு வாயால ஒரு வார்த்தை வேணும். இல்லன்னா நான் என்ன பதில் சொல்றது?”

அவர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மைக்கைத் திறந்து, “அண்ணா, விளையாடாத,” என்றாள். “என்ன பண்ணுது? உண்மையச் சொல்லு.”

“ஒண்ணும் பண்ணல.” வார்த்தைக்கு வார்த்தை நடுவே மூச்சு இழுத்தது. “உனக்குத்தான் வேலை நேரத்துல தொந்தரவு. சாரி குட்டி.”

யோசிக்கவே இல்லை. சின்ன வயதில் நாக்கில் ஏறியது, அதுவாக வந்தது.

“எங்க?”

காற்றாடி சுற்றியது.

“எங்கண்ணா?”

“விட்டுடு.”

அவன் ‘எங்கயும் இல்ல’ என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டான். இந்தக் கேள்விக்கு மட்டும் அவன் பொய் சொன்னதே கிடையாது. அன்றைக்குப் போனில் பதில் அனுப்பாமல் இருந்ததும் இதனால்தானோ என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் எதையோ மென்று விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆனால் மௌனத்தை வைத்துச் சிவப்புப் போட முடியாது.

அவனை எப்படித் திறப்பது? கெஞ்சினால் இறுகுவான். அதட்டினால் இன்னும் இறுகுவான். கூடவே வளர்ந்தவளுக்குத் தெரியாததா? இவனைத் திறக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவள் முதலில் திறந்துகொள்ள வேண்டும். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் சைலன்சர். வேலை போகும், அதில் சந்தேகமே இல்லை. போகட்டும் என்று ஒரு மூச்சை இழுத்துவிட்டாள்.

“அண்ணா. சாரி.”

அறையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. பக்கத்து மேசைக்காரி வாயில் கை வைத்துக்கொண்டாள். சைலன்சர், “ஏய், ஏய்!” என்றார்.

கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அண்ணனின் குரல் வந்தது.

“எங்க?”

“தொண்டையில. அடைக்குது,” என்றாள். அப்புறம் கொட்டிவிட்டாள். “இந்த லிஃப்டை நிறுத்தி வெச்சிருக்கணும்ண்ணா. கதவு சிக்குதுன்னு ரெண்டாவது புகார் வந்துச்சு. எடுத்தது நான்தான். ஏழு மாடி ஏறணுமேன்னு எழுதாம விட்டுட்டேன். இப்ப நீ உள்ள இருக்கன்னா அதுக்கு நான்தான் காரணம்.”

“லைனைக் கட் பண்ணு!” சைலன்சரின் கை அவள் தோளுக்கு மேல் நீண்டு வந்தது. அவள் பொத்தானின் மேல் தன் கையைக் கவிழ்த்துக்கொண்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நான் சொல்லிட்டேன். இப்ப உன் முறை. சட்டம்னா சட்டம். எங்க?”

“குட்டி…”

“எங்க வலிக்குது?”

“நடு நெஞ்சுல.” சொல்லிவிட்டான்! “காலையில இருந்தே. இப்ப இடது கையில இறங்குது. தாடையெல்லாம் இழுக்குது.”

அவன் முடிக்கும் முன்பே திரையைச் சிவப்பாக்கிவிட்டாள். லைனை வெட்ட நீண்ட அதே கையால் சைலன்சர் தன் போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார். “அதை அப்படியே போட்டுட்டு ஓடு! நெஞ்சு வலி கேஸு! அவங்கள நான் பேசிப் பாத்துக்கறேன், நீ ஓடு!”

“காலையில இருந்தே வலின்னா ஆஸ்பத்திரிக்கில்ல போயிருக்கணும்!” அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. “மடையா, என்கிட்ட எதுக்கு வந்த?”

“அப்பாவுக்கும் இங்கதான் வலிச்சுது,” என்றான். “என்கிட்ட சொன்னாரு. உன்கிட்ட சொல்ல வேணாம்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. பரீட்சை முடியட்டும்னாரு. சத்தியம் வாங்கிட்டாரு குட்டி. செத்தவர் மேல பழியப் போடக் கூடாதுன்னு இத்தன நாளா… இன்னிக்குக் காலையில வலிச்சதும் தோணுச்சு. சொல்லாமயே போயிட்டா, நீ என்னைத் திட்டிக்கிட்டே இருப்ப…”

“திட்டுவேன். பிழைச்சு வா, இன்னும் திட்டறேன். அண்ணா? பேசிக்கிட்டே இரு. அண்ணா!”

குரல் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் காற்றாடிச் சத்தத்தில் கலந்துவிட்டது.

சில நிமிஷத்தில் சைலன்சர் தன் போனை அவள் பக்கம் நீட்டினார். மெக்கானிக் படி ஏறி ஏறி இரைத்தபடி கத்தினான். “மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கு! மெஷின் ரூமுக்கு எப்படிப் போறது? சாவி யார்கிட்ட?”

“அது பூட்டு இல்ல, சும்மா தொங்குது!” என்று கத்தினாள் அவள். “துணி காயப்போட நாங்களே உடைச்சதுதான். வெடுக்குனு இழுங்க, வந்துடும்!”

இழுத்தான் போலிருக்கிறது. கதவு சுவரில் மோதியது. மெஷின் ரூமில் சக்கரத்தைக் கையால் சுற்றுகிற கிறீச்சுச் சத்தம் அந்தப் போனில் கேட்டது. லிஃப்ட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிற உறுமல் அவள் ஹெட்போனில் கேட்டது. அவள் அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டது அறை முழுவதும் கேட்டது, ஒருவரும் தடுக்கவில்லை. கதவு திறந்தது. நிறைய செருப்புச் சத்தம். ஸ்ட்ரெச்சரின் இரும்பு எதிலோ இடித்தது. யாரோ ஒருவர், “நாடி இருக்கு, தூக்கு தூக்கு” என்றார்.

அப்புறம் லிஃப்டில் யாரும் இல்லை.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். சைலன்சர் எதிரே வந்து நின்றார். எப்போதும் இஸ்திரி போட்டது போல் இருக்கிற முகம் கசங்கியிருந்தது.

“டேப் மேலிடத்துக்குப் போகும்மா. என்னால அழிக்க முடியாது. முடிஞ்சாலும் அழிக்க மாட்டேன். ரெண்டாவது புகாரை நீ எழுதியிருக்கணும்.”

“எழுதியிருக்கணும் சார்.”

“நாளையிலேர்ந்து வர வேண்டாம்.” திரும்பிப் போகப்போனவர் நின்றார். “சாரிம்மா.”

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அந்த அறை அதுவரை கேட்டதில்லை. ஒருத்தியின் கையிலிருந்து பேனா நழுவிக் கீழே விழுந்தது.

“எங்க சார்?” என்று கேட்டுவிட்டாள் அவள். பழக்கதோஷம். மனுஷர் ஒன்றும் புரியாமல் விழித்தார். விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே விடுவதற்குள் இருட்டிவிட்டது. அடைப்பை எடுத்துவிட்டார்கள், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். கண்ணாடி அறையில் அண்ணன் படுத்திருந்தான். முகத்தில் ஆக்சிஜன் மூடி, நெஞ்சு முழுக்க ஒயர். இவ்வளவு நரை எப்போது வந்தது என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் கண்ணைத் திறந்தான்.

“ஒயரைத் தொடாதீங்கம்மா,” என்றாள் நர்ஸ்.

அவள் ஒயர்களுக்கு நடுவே இடம் தேடி உள்ளங்கையை வைத்தாள். “இங்கயா?”

அவன் ஒரு விரலால் அவள் கையைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினான். அப்புறம் ஊசி குத்தியிருந்த தன் கையைத் தூக்கப் பார்த்தான். அது பாதிதான் வந்தது. அவள் குனிந்தாள். விரல்கள் அவள் தொண்டையைத் தொட்டன, ஜில்லென்று இருந்தன. அவ்வளவுதான், வீட்டுச் சட்டப்படி இரண்டு விவகாரமும் முடிந்தன. இனி யாரும் எதையும் கிளறக் கூடாது.

அவளால் இருக்க முடியவில்லை. கிளறினாள்.

“அப்பாவுக்கு வலிச்சப்போ யாரு கை வெச்சா?”

அவன் மூடியைக் கொஞ்சம் தூக்கினான். “ ‘குட்டிகிட்ட நான் சாரி சொன்னேன்னு சொல்லு’ன்னாரு. ‘எங்க, அப்பா?’ன்னு கேட்டேன். நெஞ்சைக் காட்டினாரு.”

“நீ வெச்சியா?”

“ரெண்டு கையையும் வெச்சேன் குட்டி. ஒண்ணு உன்னோடது.”

நேரமாகிவிட்டது, கிளம்புங்கள் என்றாள் நர்ஸ். அவள் கையை எடுக்கவில்லை.